பிறையில் ஏழு லோரி, ஒன்பது பழைய செட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஏழு டிப்பர் லோரி வைத்து மண்ணும் கல்லும் ஏற்றும் ஓர் அண்ணன் எனக்குத் தூரத்து உறவு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அழைத்தார்.

"தம்பி, வண்டியில மாட்டுற வாக்கி டாக்கி ஒன்பது செட்டு வாங்கிட்டேன். கோலாலம்பூர், ஜாலான் பாசார் பக்கத்துல. ஒன்னு இருநூறு வெள்ளி. நாளைக்கு வந்து சேனல் போட்டுக் குடுத்துடு. திங்கக்கிழமை லோரியில ஏத்திடணும்."

பட்டர்வொர்த்தில் வானொலிக் கருவி பழுதுபார்க்கும் பட்டறையில் பதினோரு ஆண்டு வேலை செய்தவன் நான். மறுநாள் காலையிலேயே போனேன். திங்கட்கிழமை ஒரு செட்டுகூட ஏறவில்லை. ஏழு லோரியும் ஒரே அலைவரிசையில் பேசத் தொடங்க ஐந்து மாதம் ஆனது. ஆசையாக வாங்கிய செட்டுகளை அட்டைப்பெட்டியில் சுமந்துகொண்டு என் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். அண்ணனிடம் தெளிவான காரணம் இருந்தது. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய மகள். மழை பெய்து கல்குவாரியில் ஏற்றுவது நின்றுவிட்டால் ஏழு ஓட்டுநரையும் ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். நாலாவது ஆளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஏழாவது ஆள் குவாரி வாசலில் போய் நின்றிருப்பார். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வண்டி ஓட்டுவது மலேசியாவில் குற்றம் என்பதால், எடுக்காத ஓட்டுநரைக் குறை சொல்லவும் முடியாது. செட்டில் ஒருமுறை சொன்னால் ஏழு பேருக்கும் கேட்கும். தேவை நியாயமானது. வாங்கிய வரிசைதான் தலைகீழ்.

பெட்டியைத் திறந்து மேசையில் அடுக்கினேன். எட்டு மோட்டோரோலா ஜிஎம்338, ஒரு ஜிஎம்300. ஜிஎம்338 நல்ல செட்டு. 128 சேனல் போடலாம், அடி தாங்கும், பாகம் இன்னும் கிடைக்கிறது. ஆனால் முன்பக்கத்தைப் பார்த்து இந்தச் செட்டை வாங்கக் கூடாது. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்வதும், 403 முதல் 470 வரை வேலை செய்வதும், 450 முதல் 520 வரை வேலை செய்வதும் முகத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கும் பலகையில். அதை வெளியிலிருந்து சொல்வது உடம்பில் ஒட்டியிருக்கும் மாடல் எண் மட்டுமே. அந்த எண்ணின் நடுவில் 25 என்று வரும். அதை அடுத்த எழுத்து கே என்றால் 136–174, ஆர் என்றால் 403–470, எஸ் என்றால் 450–520. அதற்கும் அடுத்த எழுத்து சக்தியைச் சொல்லும்: ஹெச் என்றால் 25 வாட் வரை, கே என்றால் அதற்கு மேல். மற்ற எழுத்துகளைப் பற்றி வாங்குகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை.

அண்ணன் வாங்கிய எட்டில் ஐந்து ஆர், மூன்று எஸ். எல்லாம் 25 வாட். இரண்டு வகையும் ஒரே பெட்டியில் கலந்து வந்தது அவருக்குத் தெரியாது.

"கடைக்காரர் 477-ல போட்டுக்கச் சொன்னாரு தம்பி. அதுக்கு லைசன்ஸ் வேணாமாம்."

இந்த அரைகுறை உண்மைதான் பலரை மாட்டிவிடுகிறது. 477 மெகாஹெர்ட்ஸ் பகுதி மலேசியாவில் பொதுமக்கள் பேசுவதற்குத் திறந்துவிடப்பட்டது. தனித்தனியாக அனுமதி எடுக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் அது வகுப்பு ஒதுக்கீடு, அதாவது எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த அனுமதி. அதற்கென்று நிபந்தனைகள் உண்டு: சக்தி 5 வாட்டைத் தாண்டக் கூடாது, அந்தப் பயன்பாட்டுக்கென்று சான்று பெற்ற கருவியாக இருக்க வேண்டும். 25 வாட் அடிக்கும் தொழில்முறைச் செட்டை அங்கே கொண்டுபோய் வைப்பது அந்த அனுமதிக்குள் வராது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஐந்து ஆர் செட்டும் 470-ஓடு நின்றுவிடும். 477 என்று தட்டினால் மென்பொருளே ஏற்காது. கோப்பைத் திருத்தி ஏமாற்றும் வழி ஒன்று இணையத்தில் உலவுகிறது. அப்படிப் போட்ட செட்டு மேசையில் பேசும். உச்சிவெயிலில் லோரிக்குள் சூடேறியதும் அலைவரிசையைப் பிடிக்க முடியாமல் ஊளையிடும். நான் அதைச் செய்து கொடுப்பதில்லை.

என்னிடம் 9டபிள்யூ2 என்று தொடங்கும் அமெச்சூர் அழைப்புக்குறி இருக்கிறது. அண்ணன் அதையும் கேட்டுப் பார்த்தார். "உன் லைசன்ஸ்ல பேசிக்க முடியாதா?" முடியாது. அமெச்சூர் அலைவரிசை தேர்வு எழுதியவர்களுக்கு உரியது. அதில் வியாபாரம் பேசக் கூடாது. லோரி எங்கே நிற்கிறது என்று கேட்பதும் வியாபாரம்தான். அண்ணன் முகம் சுருங்கியது. ஆனாலும் அன்று மாலையே மகளிடம் சொல்லி விண்ணப்ப வேலையைத் தொடங்கச் சொன்னார். அந்தக் குணத்துக்காகத்தான் இந்த வேலையை நான் விடாமல் செய்தேன்.

1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட செட்டுக்குக் கருவி ஒதுக்கீடு என்ற தனி அனுமதி வாங்க வேண்டும். கொடுப்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்; நம் ஆட்கள் வாயில் எஸ்கேஎம்எம். எந்த மாடல், எத்தனை செட்டு, எத்தனை வாட், நிலையம் (அலுவலகத்தில் வைக்கும் எட்டாவது செட்டு) எங்கே, ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரம் என்பதெல்லாம் தேவைப்படும். செட்டின் மேல், மலேசியாவில் கருவிகளுக்குச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். எட்டு ஜிஎம்338-லும் இருந்தது. இங்கேதான் ஆர், எஸ் கலப்பைப் பற்றி யோசித்தேன். 403–470, 450–520 என்ற இரண்டுக்கும் பொதுவாக 450–470 என்று ஒரு துண்டு இருக்கிறது. கருவிகளின் எல்லையைக் குறிப்பிட்டு, அந்தத் துண்டுக்குள் ஒரு சேனல் கிடைத்தால் எல்லாச் செட்டும் பயன்படும் என்று எழுதச் சொன்னேன். கிடைத்தது. கிடைக்காமலும் போயிருக்கலாம். அப்போது மூன்று செட்டோ ஐந்து செட்டோ அலமாரியில்தான் கிடந்திருக்கும். முதலில் அலைவரிசைக் கடிதம் கையில் வந்து, பிறகு அதற்கேற்ற செட்டைத் தேடிப் போயிருந்தால் இந்தச் சூதாட்டம் தேவைப்பட்டிருக்காது.

கடிதத்தில் இன்னொரு விவரம் இருந்தது: சேனல் அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸ். அதோடு ஜிஎம்300 கழன்றுவிட்டது. ஜிஎம்338-ல் 12.5, 20, 25 என்று மென்பொருளிலேயே மாற்றலாம். அண்ணனிடம் இருந்த ஜிஎம்300 25-க்கென்று வடிகட்டி வைத்துச் செய்தது. அதைப் பேசவிட்டால் பக்கத்துச் சேனல்காரரின் காதில் போய் விழும்.

காத்திருந்த நாள்களில் செட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஆன்டெனா இருக்கும் இடத்தில், சக்தியை வெப்பமாக விழுங்கிவிடும் 50 ஓம் டம்மி லோடு, நடுவில் வாட் மீட்டர். இப்படிச் செய்தால் அலை காற்றில் போகாது. அனுமதி வராத நேரத்தில் இதைவிட்டால் வேறு நேர்மையான வழி கிடையாது. ஆறு செட்டு 22 வாட்டுக்கு மேல் கொடுத்தன. ஒன்று 4 வாட்டில் நின்றது. கடைசிச் சக்தி நிலை செத்துப்போயிருந்தது. இன்னொன்று சத்தமாக அனுப்பியது, ஆனால் காது கேட்கவில்லை. நல்ல ஜிஎம்338 ஏறக்குறைய 0.3 மைக்ரோவோல்ட் அளவுக்கே தெளிவாகப் பேசும். இது அதைப் போல இருபது மடங்கு கொடுத்த பிறகுதான் வாய் திறந்தது. அனுப்புகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் செட்டு வாங்குகிறவர்கள் இப்படிச் செவிட்டுச் செட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கடையில் இரண்டு செட்டைப் பக்கத்தில் வைத்துப் பேசிக் காட்டுவார்கள். ஓரடி தூரத்தில் செவிடனுக்கும் கேட்கும்.

அனுப்பியவற்றில் ஒன்று 1,900 ஹெர்ட்ஸ் விலகி நின்றது. 460 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு) என்றால் 1,150 ஹெர்ட்ஸ்தான் அனுமதி. பழைய 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. 12.5-ல் குரல் கரகரத்துப்போகும். படிகத்துக்கு வயதாகும்போது இப்படி நகரும். ட்யூனர் மென்பொருளில் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் அளக்கும் கருவி இல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூடாது. காதை நம்பிச் சரிசெய்தவர்கள் கெடுத்த செட்டுகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

கெட்ட இரண்டையும் மாற்றித் தரச் சொல்லி அண்ணன் கடைக்கு அழைத்தார். வாங்கியபோது நன்றாக இருந்தது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ரசீதில் வரிசை எண் எழுதாததால் வாதாடவும் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் சந்தைக்கு இருவருமாகப் போனோம். ஜார்ஜ்டவுனில் பழைய சாமான் தேடுகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். பையில் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி, டம்மி லோடு, வாட் மீட்டர், மாடல் எண் படிக்க ஒரு கைவிளக்கு. கேட்கும் திறனை அங்கே அளக்க முடியாது. அதனால் நானே சோதித்துவிட்டுப் பணம் தருகிறேன், கெட்டிருந்தால் அடுத்த வாரம் திருப்பித் தருவேன் என்று பேசினேன். ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டார். இரண்டு ஆர் செட்டு, 150 வெள்ளியும் 120 வெள்ளியும். இரண்டும் நன்றாக இருந்தன. திருகாணித் தலை சிதைந்திருக்கிறதா, மைக் செருகும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, மின்கம்பி வேரோடு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். வேரோடு வெட்டிய செட்டு அவசரமாகக் கழற்றப்பட்டது. அது யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

அனுமதிக் கடிதம் வந்ததும் சேனல் போடும் வேலை. இதைத்தான் எல்லாரும் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள்; உண்மையில் ஒரு மதிய வேலை. மோட்டோரோலாவின் சிபிஎஸ் மென்பொருள், பழைய மடிக்கணினி, நடுவில் ரிப் பெட்டி. கணினியின் சீரியல் வாயில் கூடியும் குறைந்தும் வரும் மின்னழுத்தத்தைச் செட்டு தாங்கும் 5 வோல்ட்டாக மாற்றுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அண்ணனின் மகன் இணையத்தில் இருபது வெள்ளிக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் வாங்கி வைத்திருந்தான். உள்ளே போலிச் சில்லு. புதிய விண்டோஸ் அதை ஏற்கவே இல்லை. ஒரு காலை முழுவதும் அவன் அதோடு போராடியிருந்தான், பாவம். எஃப்டிடிஐ நிறுவனத்தின் அசல் சில்லு போட்ட கேபிளை மாற்றியதும் முதல் தடவையிலேயே செட்டைப் படித்தது.

முதலில் செய்வது எழுதுவது அல்ல, படிப்பது. ஒவ்வொரு செட்டிலும் இருப்பதை அப்படியே எடுத்து, அதன் வரிசை எண்ணையே கோப்புப் பெயராக வைத்துச் சேமித்தேன். நடுவில் மின்சாரம் போனால் திரும்பப் போட அந்தக் கோப்புதான் இருக்கும். ஒரு செட்டின் கோப்பை இன்னொரு செட்டில் கொட்டுவதும் என் பழக்கம் இல்லை. ஆர் செட்டின் கோப்பை எஸ் செட்டில் போட்டால் வம்புதான் வரும். படித்துப் பார்த்தபோது மூன்று செட்டில் யாரோ ஒரு பாதுகாவல் நிறுவனத்தின் சேனல்கள் பெயரோடு அப்படியே இருந்தன. ஓட்டுநர் குமிழைத் திருப்பினால் அவர்களுடைய பேச்சின் நடுவே நுழைந்துவிடுவார். எல்லாவற்றையும் அழித்தேன். விற்றவர் அழிக்க வேண்டியதை வாங்கியவர் அழிக்க வேண்டியிருக்கிறது. செட்டு விற்கிறவர்கள் தயவுசெய்து காலி செய்துவிட்டு விற்க வேண்டும்.

128 இடம் உள்ள செட்டில் ஒரே ஒரு சேனல்தான் போட்டேன். குமிழை எப்படித் திருப்பினாலும் அதே இடத்தில் நிற்கும். அகலம் 12.5. பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலியான பிஎல் டோன் ஒன்று கொடுத்தேன். அது பேச்சை மறைக்கும் என்று அண்ணன் நினைத்திருந்தார். மறைக்காது, மற்றவர் பேச்சு நம் ஸ்பீக்கரில் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். நாம் பேசுவதைக் கேட்க நினைப்பவர் தாராளமாகக் கேட்கலாம். அதனால் சம்பளம், பணம், வாடிக்கையாளர் பெயர் எதையும் செட்டில் பேசக் கூடாது என்று மகள் ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தாள். தொடர்ந்து 60 விநாடி பேசினால் தானாக நின்றுவிடும்படி வைத்தேன். ஒருவர் மைக்கைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டே ஓட்டினால் ஏழு வண்டியும் ஊமையாகிவிடும். அதற்கான பூட்டு அது.

இனி மாட்டுவது. இந்த வேலையில்தான் அதிகப் பணம் போகப் பார்த்தது.

வண்டிச் செட்டு 13.8 வோல்ட்டுக்குச் செய்தது. பெரிய லோரி எல்லாம் 24 வோல்ட். நான் பாயான் லெப்பாஸில் இருந்த ஒரு நாள், அவசரப்பட்ட மெக்கானிக் ஒருவர் செட்டை நேராக லோரி மின்சாரத்தில் இணைத்துவிட்டார். ஃபியூஸ் வெடித்தது, உள்ளே பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆனது. அந்த டயோடு தன்னைக் கொடுத்துச் செட்டைக் காப்பாற்றியது. இரண்டு வெள்ளிச் சாமானை மாற்றியதும் பிழைத்துக்கொண்டது. இன்னொரு லோரியில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தார்கள். செட்டு பேசும், உண்மை. ஆனால் ஒரு பேட்டரி மட்டும் வடிந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். ஆறு மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும், செட்டின் விலையைவிட அதிகமாக.

24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர்தான் சரி. 25 வாட் அனுப்பும்போது செட்டு 8 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் தொடர்ந்து 15 ஆம்பியர் தாங்குவதாக வாங்கினோம். முதலில் வாங்கிய மலிவான ஒன்றில் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. மைக்கை அமுக்கியதும் மின்னழுத்தம் சரிந்து செட்டு அணைந்து மறுபடி உயிர்பெற்றது. போதாததற்கு, அதன் இரைச்சல் செட்டின் காதிலேயே விழுந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் உஸ்ஸென்று கேட்டால் கன்வர்ட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆன்டெனா ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் கால்அலைக் கம்பி. அதற்குக் கீழே இரும்புத் தகடு வேண்டும். இரண்டு லோரியில் ஓட்டுநர் அறைக்கு மேலே நார்க்கண்ணாடிக் காற்றுத்தடுப்பு இருந்தது, அதில் மாட்டியபோது அனுப்பிய சக்தியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இரும்புக் கூரைக்கு மாற்றியதும், எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் 1.4-க்கு இறங்கியது.

நிலையத்தில் ஆன்டெனா 12 மீட்டர் உயரம், கேபிள் 20 மீட்டர். கையில் கிடந்த மெல்லிய ஆர்ஜி-58-ஐ இழுத்துவிடலாம் என்றார் அண்ணன். கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த அலைவரிசையில் அந்தக் கேபிள் 20 மீட்டருக்கு 7 டெசிபல் தின்றுவிடும். 25 வாட் மேலே போய்ச் சேரும்போது 5 வாட். கேட்பதிலும் அதே நட்டம். தடித்த, இழப்புக் குறைந்த கேபிள் போட்டால் 16 வாட் போய்ச் சேரும். "அப்போ நல்ல கேபிளே போடு," என்றார். முழு வேலையிலும் பயன் அதிகம் கொடுத்த செலவு அதுதான்.

எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை மாட்டுவதற்கு முன்பே ஓரளவு சொல்லலாம். இரண்டு ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். நிலையம் 12 மீட்டர், லோரி 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 21. பிறையிலிருந்து தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் நேர்கோட்டில் அந்த எல்லைக்குள் வரும், நடுவில் பெரும்பாலும் கடல். 1985-இல் திறந்த முதல் பினாங்குப் பாலத்தின் மேல் லோரி போகும்போது பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல் கேட்டது. ஆனால் அந்தக் கணக்கு மலையைப் பார்க்காது. கூலிம் பட்டணத்துக்குப் போகும் வழியில் புக்கிட் மெர்தாஜாம் மலை குறுக்கே நிற்கிறது. அங்கே குரல் விட்டுவிட்டு வந்தது. பாலிக் பூலாவ் இன்னும் மோசம். 833 மீட்டர் கொடிமலையும் அதன் தொடர்ச்சியும் பினாங்குத் தீவின் நடுவில் சுவராக நிற்க, அந்தப் பக்கம் ஒரு சொல்லும் போகவில்லை.

மலையுச்சியில், கேட்டதை உடனே திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வைத்தால் தீரும். அதற்கு இரட்டை அலைவரிசை, இடவாடகை, மறுபடியும் விண்ணப்பம். வாரத்துக்கு இரண்டு நடைக்காக அது வேண்டாம் என்று அண்ணன் முடிவு செய்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

செலவைச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் அதிகம். முதல் ஒன்பது செட்டு 1,800 வெள்ளி. லோரோங் கூலிட் இரண்டு 270. கன்வர்ட்டர் ஏழும் 630. லோரி ஆன்டெனா, கேபிள் 490. நிலையத்துக்குப் பவர் சப்ளை, ஆன்டெனா, நல்ல கேபிள் எல்லாம் 830. மொத்தம் 4,020, ஒதுக்கீட்டுக் கட்டணம் இல்லாமல். அதில் 600 வெள்ளி ஜிஎம்300-க்கும் கெட்ட இரண்டுக்கும் போனது. கடிதம் முதலில், செட்டு பிறகு என்று போயிருந்தால் அந்த 600 அண்ணன் பையிலேயே இருந்திருக்கும்.

இப்போது பாலிக் பூலாவ் நடைக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. தெலுக் கும்பார் தாண்டி மேடு ஏறுவதற்கு முன் ஓட்டுநர் மைக்கை எடுத்து, "பாப்பா, மலை ஏறுறேன்," என்கிறார். அண்ணன் மகள் நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்கிறாள். இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்ததும், "இறங்கிட்டேன்," என்ற குரல் கேட்கும். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் மட்டும் கைப்பேசியை எடுக்கிறாள்.